ஜாவாவில் விடிய விடிய நிழல் கூத்து! மதுரையில் விளக்கு அணையலாமா?

ஜாவா தீவில் ஒரு கிராமம். அங்கே ஒரு கல்யாண வீடு.

மாப்பிள்ளை வீட்டார் முஸ்லிம்கள். பெண் வீட்டாரும் முஸ்லிம்கள். விருந்து முடிந்துவிட்டது. இரவு மணி ஒன்பது. ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் ஊரே கூடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வேர்க்கடலை விற்கிறார்கள். ஒரு பக்கம் காப்பி விற்கிறார்கள். குழந்தைகள் முன் வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றன.

எதற்காக இத்தனை கூட்டம்?

பாரதக் கதை பார்ப்பதற்காக!

பீமனும் அர்ச்சுனனும் கடோத்கஜனும் வரப் போகிறார்கள். பொழுது விடியும்வரை அவர்களுடைய கதை நடக்கும்.

இதைக் கேட்டால் மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். இந்தோனேசியாவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் முஸ்லிம்கள். உலகத்திலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் அது ஒன்று. அந்த நாட்டின் தலைசிறந்த பொழுதுபோக்கு ராமாயணமும் பாரதமும்தான்! கல்யாணம் என்றாலும், சுன்னத் கல்யாணம் என்றாலும், அறுவடை முடிந்து ஊர் கூடிப் பொங்கி உண்டாலும், வசதி உள்ளவர்கள் நிழல் கூத்து வைப்பார்கள்.

அந்தக் கூத்துக்கு 'வயாங் குலித்' என்று பெயர். 'குலித்' என்றால் தோல். தோலில் செய்த பாவைகளை விளக்கு வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டுவது. நம் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தின் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்.

அண்ணன் தம்பிகளில் ஒருவர் அங்கே மாலை மரியாதையோடு இருக்கிறார். மற்றொருவர் இங்கே அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைகிறார். ஏன் இப்படி?

ஒரே ஆள், நூறு குரல்

முதலில் ஜாவாக் கூத்து நடக்கும் விதத்தைப் பார்ப்போம்.

வெள்ளைத் துணி ஒன்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். அதன் அடியில் வாழைத் தண்டைக் கிடத்துகிறார்கள். பாவையின் கீழ்க் குச்சியை அந்த வாழைத் தண்டில் குத்தினால் பாவை ஆடாமல் நிற்கும். மேலே ஒரு விளக்கு தொங்கும். முன்பு எண்ணெய் விளக்கு. இப்போது பெரும்பாலும் மின்சார விளக்கு.

விளக்கின் கீழே சம்மணம் போட்டு ஒருவர் உட்காருகிறார். அவர்தான் 'தாலாங்'. கூத்தின் தலைவர்.

பாவைகளை ஆட்டுகிறவர் அவரே. கதை சொல்கிறவர் அவரே. ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் குரல் கொடுப்பவர் அவரே. பக்கத்தில் உள்ள மரப் பெட்டியைக் கட்டையால் தட்டி, பின்னால் இருக்கும் வாத்தியக்காரர்களுக்குச் சைகை கொடுப்பதும் அவரே. இரண்டு கைகளிலும் பாவை இருக்கும்போது என்ன செய்வார்? கால் விரல்களுக்கு இடையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு தட்டுவார்!

இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால், விடியும்வரை அவர் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.

பின்னால் வெண்கலத் தட்டுகளும் மணிகளும் மத்தளமும் கொண்ட பெரிய வாத்தியக் குழு இருக்கும். அதற்குக் 'கமெலான்' என்று பெயர். பாடுவதற்குப் பெண்கள் தனியே உண்டு. நல்லவர்கள் தாலாங்கின் வலது கைப் பக்கம். கெட்டவர்கள் இடது கைப் பக்கம். நூற்றுக்கணக்கான பாவைகள் இரண்டு பக்கமும் வரிசையாகக் குத்தி வைக்கப்பட்டிருக்கும்.

பார்ப்பவர்கள் திரைக்கு இரு புறமும் உட்காரலாம். ஒரு புறம் நிழல் தெரியும். மறுபுறம் தங்க வண்ணம் பூசிய பாவைகளும், அவற்றை ஆட்டும் தாலாங்கும் தெரிவார்கள். இந்தச் சலுகை நம் ஊர்க் கூத்தில் கிடையாது.

இது நேற்று வந்த வேடிக்கை அல்ல. கி.பி. 907ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜாவாக் கல்வெட்டு ஒன்றிலேயே 'வயாங்' ஆடியதும் பீமன் கதை சொன்னதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் அங்கே இஸ்லாம் பரவியது. கூத்து நின்றுவிட்டதா? இல்லை. சூனான் கலிஜாகா என்ற முஸ்லிம் பெரியவரே வயாங்கை ஆதரித்தார் என்று ஜாவாக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் கூத்து பார்க்கக் காசு வாங்கவில்லையாம். கலிமா சொன்னவர்களை உள்ளே விட்டாராம்! இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

பாஞ்சாலிக்கு ஒரே கணவர்!

ஜாவாவின் பாரதம் நம் பாரதம் போலவே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

அங்கே பாஞ்சாலிக்கு ஐந்து கணவர்கள் இல்லை. தருமர் ஒருவர்தான் கணவர். நம் கதையில் பீஷ்மரை வீழ்த்தத் துணை நின்ற சிகண்டி, அங்கே 'ஸ்ரீகண்டி' என்ற அழகான வீரப் பெண். அர்ச்சுனனின் மனைவி. வில் எடுத்துப் போர் செய்வாள். துணிச்சலான பெண்ணைக் கண்டால் 'ஸ்ரீகண்டி' என்று புகழ்வது அந்த நாட்டு வழக்கம்.

கும்பகர்ணனைத் தூங்குமூஞ்சி என்று கேலி செய்வது நம் வழக்கம். ஜாவாவிலோ அவன் தேசபக்தன். 'அண்ணன் செய்தது தப்பு. ஆனாலும் பிறந்த மண்ணுக்காகச் சண்டை போடுவேன்' என்று உயிர் விட்டவன் என்று போற்றுகிறார்கள். கம்பனைப் படித்தவர்களுக்கு இந்தக் கும்பகர்ணன் புதியவன் அல்ல.

கர்ணன் மீதும் அவர்களுக்குத் தனிப் பிரியம். இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்ணோவின் பெயரிலேயே கர்ணன் இருக்கிறான். அவர் சிறு வயதில் நோயாளிப் பிள்ளை. முதலில் வைத்த பெயர் ராசியில்லை என்று நினைத்த தகப்பனார், பாரத வீரன் கர்ணன் பெயரை வைத்தார். 'சு' என்றால் நல்ல. நல்ல கர்ணன்!

கடோத்கஜனையும் விடவில்லை. ஜாவாக் கதைப்படி அவன் ஆகாயத்தில் பறப்பவன். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி இந்தோனேசியா தானே செய்த ஒரு விமானம் முதல் முறையாகப் பறந்தது. அந்த விமானத்துக்குக் கடோத்கஜன் பெயரைத்தான் வைத்தார்கள். 2022ல் அவன் பெயரில் ஒரு சினிமாப் படமும் வந்தது.

நடுநிசித் தமாஷ்

நள்ளிரவு ஆகிறது. முன் வரிசைப் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். அப்போது திடீரென்று கூட்டத்தில் சிரிப்பு வெடிக்கிறது. தூங்கியவர்கள் எல்லாம் எழுந்து உட்காருகிறார்கள்.

கோமாளிகள் வந்துவிட்டார்கள்!

சேமார் என்ற தொப்பைக் கிழவன். அவனுடைய பிள்ளைகள் மூவர். நொண்டி நடக்கும் காரேங். நீண்ட மூக்குப் பெத்ருக். வாய்த் துடுக்கான பாகோங். இவர்கள் வியாசர் பாரதத்தில் இல்லை. ஜாவாக்காரர்கள் தாங்களே சேர்த்துக் கொண்டவர்கள். பாண்டவர்களுக்கு வேலைக்காரர்கள். ஆனால் கிழவன் சேமார் உண்மையில் ஒரு தேவன். மனித உருவில் வந்து வேலைக்காரனாக இருக்கிறான்.

இவர்கள் பேசுவது பழைய கதை அல்ல. அரிசி விலை, ஊர்த் தலைவரின் கையூட்டு, மாமியார் மருமகள் சண்டை, பள்ளிக்கூடக் கட்டணம். அரசர்கள் பேசுவது யாருக்கும் புரியாத பழைய பாஷை. கோமாளிகள் பேசுவதுதான் ஜனங்களின் பாஷை. பெரியவர்களைப் பற்றி நேரில் சொல்ல முடியாததை எல்லாம் இவர்கள் வாயால் தாலாங் சொல்லிவிடுவார். கேட்கிற பெரியவர்களும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்!

நம் தோல்பாவைக் கூத்தின் கோமாளிகள் இந்த இருவரும். உச்சியில் குடுமி வைத்தவன் ஒருவன். விகாரத் தலையன் ஒருவன். ராமன் காட்டுக்குப் போகும் துயரக் கட்டம் முடிந்ததோ இல்லையோ, திரையில் குதித்து வருவார்கள். இவர்கள் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ராவண சபையிலும் புகுவார்கள். உள்ளூர் வட்டிக்கடைக்காரரையும் இழுப்பார்கள். கூத்தை மறந்துவிட்ட பெரியவர்கள்கூட இந்த இருவரையும் மறக்கவில்லை.

மதுரையும் சாவகமும்

ஜாவாவுக்கும் மதுரைக்கும் உள்ள உறவு மணிமேகலையிலேயே இருக்கிறது.

ஆபுத்திரன் கதை தெரியுமா? மதுரையில் பிச்சை எடுத்து, தன்னைவிட ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை உண்டு வாழ்ந்தவன். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்தாள். பிறகு பாண்டிய நாட்டில் மழை பெய்து பசி தீர்ந்தது. அவனிடம் சோறு கேட்க ஆள் இல்லை! அப்போது 'சாவக நாட்டில் மழை இல்லை. மக்கள் பசியால் சாகிறார்கள்' என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். உடனே அவன் சாவகத்துக்குக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கேயே உயிர் விட்டான். மறு பிறவியில் சாவக நாட்டின் மன்னன் புண்ணியராசன் ஆனான்.

சாவகம் என்பது ஜாவா என்றும், அதை ஒட்டிய தீவுகள் என்றும் அறிஞர்கள் சொல்வார்கள்.

நிழல் கூத்து இங்கிருந்து அங்கே போனதா, அங்கேயே பிறந்ததா என்று அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடுகிறார்கள். வாதம் முடியட்டும். அதுவரை இங்குள்ள கூத்து உயிரோடு இருக்க வேண்டுமே!

ஆட்டுத் தோலில் ஒரு வண்ணப் படம்

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் தோல்பாவைக் கூத்து ஆடியவர்கள் மண்டிகர் என்ற இனத்தார். வீட்டில் பேசுவது மராத்தி. மேடையில் பேசுவது தமிழ். பெயருக்குப் பின்னால் 'ராவ்' என்று வரும். தஞ்சாவூரை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலத்தில் (1676 முதல் 1855 வரை) இவர்களுடைய முன்னோர் தெற்கே வந்ததாகச் சொல்கிறார்கள்.

ஜாவாப் பாவை எருமைத் தோலில் ஆனது. கனமானது. நுட்பமாகத் துளை போட்டிருப்பார்கள். திரையில் விழும் நிழல் பெரும்பாலும் கறுப்பு.

நம் பாவை ஆட்டுத் தோலில் ஆனது. மயிர் நீக்கி, சதை சுரண்டி, காய வைத்து, கண்ணாடி போல மெல்லிசாக்கி, இரு பக்கமும் சாயம் பூசுவார்கள். விளக்கைப் பின்னால் வைத்தால் சிவப்பும் பச்சையும் நீலமும் திரையில் ஜொலிக்கும். சினிமா வருவதற்கு வெகு காலம் முன்பே கிராமத்து மக்கள் பார்த்த வண்ணப் படம் இதுதான்!

இங்கேயும் ஒரே ஆள்தான் பாவைகளை ஆட்டுவார். அவரே எல்லாக் குரலும் பேசுவார். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா இருக்கும். மனைவியோ மகளோ பாடுவார். ஒரு குடும்பமே ஒரு நாடகக் கம்பெனி.

ராமாயணம் பத்து நாள் நடக்கும். கடைசி நாள் பட்டாபிஷேகம். அன்றைக்கு ஊரார் கலைஞர்களுக்குத் துணியும் பணமும் கொடுப்பார்கள். ராமாயணம் ஆடினால் மழை வரும் என்ற நம்பிக்கை உண்டு. கண்மாய் வறண்ட வருஷங்களில் கூத்துக்காரரைத் தேடிப் போய் அழைத்த ஊர்கள் உண்டு. நல்லதங்காள் கதை வைத்தால் போதும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய மு. இராமசாமி இந்தக் கூத்தை ஆராய்ந்து நூல் எழுதியிருக்கிறார். நாகர்கோவில் அ.கா. பெருமாளும் இந்தக் கலைஞர்களோடு பல ஆண்டுகள் பழகி எழுதியிருக்கிறார். நூல்கள் இருக்கின்றன. ஆடுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். இன்று கூத்தைத் தொழிலாகக் கொண்ட குழுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பழைய பாவைகள் பல அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போய்விட்டன. மற்றவை பெட்டியில் கிடந்து பூச்சி அரிக்கின்றன.

காசு கொடுப்பது யார்?

'சினிமா வந்தது. டெலிவிஷன் வந்தது. கூத்து போயிற்று' என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஜாவாவில் சினிமா இல்லையா? டெலிவிஷன் இல்லையா? இந்திப் படப் பாட்டு மெட்டுகளில் ஊறிய 'டங்டுட்' என்ற துள்ளல் பாட்டு 1970களில் இருந்து அந்த நாட்டையே ஆட்டி வைக்கிறது. ரோமா இராமா என்ற பாடகரை 'டங்டுட் ராஜா' என்று கொண்டாடுகிறார்கள். அத்தனை போட்டிக்கும் நடுவில்தான் வயாங் நிற்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரையைச் சுற்றியே பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் திருவிழா வந்தால் இன்றும் வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாம் தனித் தனி ஊரில் இருந்து அன்று மாலைதான் வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஆடுவார்கள். ஸ்பெஷல் நாடகம் என்ற இந்தக் கலைக்கு மதுரைதான் தலைநகரம். சூசன் சீசர் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர் மதுரையில் தங்கி இந்த நடிகர்களைப் பற்றி ஆராய்ந்து, 2005ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

அதே சினிமா. அதே டெலிவிஷன். ஸ்பெஷல் நாடகம் பிழைத்தது. தோல்பாவை நலிந்தது. காரணம் என்ன?

நாடகத்துக்கு ஊர் காசு கொடுக்கிறது. தலைக்கட்டு வரி போட்டு, மாதங்களுக்கு முன்பே அச்சாரம் கொடுத்து, தேதி வாங்குகிறார்கள். மழை வந்தாலும் கூட்டம் குறைந்தாலும் நடிகருக்குப் பேசிய தொகை வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கோ இலவசம்.

ஜாவாவிலும் இதே ஏற்பாடுதான். கல்யாண வீட்டாரோ ஊரோ தாலாங்குக்குப் பணம் கொடுக்கிறார்கள். கூட்டம் காசில்லாமல் பார்க்கிறது.

பாவைக் கூத்துக்காரர் நிலை வேறு. பெரும்பாலும் அவரே ஊர் தேடி வர வேண்டும். அவரே கூடாரம் போட வேண்டும். அன்றன்றைக்கு வருகிற டிக்கெட் காசும், வீடு வீடாகக் கிடைக்கும் நெல்லும் தானியமும்தான் வரும்படி. பக்கத்து டவுனில் புதுப் படம் வந்த அன்றே அவருடைய அடுப்பு அணைந்தது. ஊர் அழைத்த கலைக்கு மரியாதை. தேடி வந்த கலைக்குக் கொட்டாய்! அந்தக் குழுக்களில் சில, பிழைப்புக்காகச் சினிமாப் பாட்டு ரிக்கார்டு டான்ஸ் சேர்த்தன. கடைசியில் டான்ஸ் நின்றது, பாவை போயிற்று.

கேரளத்தையும் பாருங்கள். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோவில்களில் தோல்பாவைக் கூத்துக்கென்றே நிரந்தர மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். 'கூத்து மாடம்' என்று பெயர். உள்ளே வரிசையாக 21 விளக்குகள் எரியும். அங்கே சொல்லப்படுவது எந்த ராமாயணம்? நம் கம்பராமாயணம்! முன்னால் ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். ஏனென்றால் பார்ப்பவள் பகவதி. செலவைக் கோவிலும் நேர்ந்துகொண்ட பக்தர்களும் ஏற்கிறார்கள். அங்கே பரம்பரையாக ஆடிவரும் கே.கே. ராமச்சந்திர புலவருக்கு 2021ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பள்ளிக்கூடமும் தலைவலி மாத்திரையும்

ஜாவாக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கூத்துக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். சூரகார்த்தா அரண்மனை 1923ல் ஒரு பள்ளியைத் தொடங்கியது. ஜோக்ஜகார்த்தா அரண்மனை 1925ல் ஒன்று தொடங்கியது. இன்று சூரகார்த்தாவில் உள்ள கலைக் கல்லூரியில் பாவை ஆட்டும் கலையைப் படித்துப் பட்டமே வாங்கலாம். தாலாங் வீட்டுப் பிள்ளைதான் தாலாங் ஆக வேண்டும் என்பதில்லை.

மதுரைக்கும் இது தெரியாத வித்தை அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நாடகம் கற்பித்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் பயின்றவர்கள். நாடகத்துக்கு ஒரு சங்கரதாஸ் கிடைத்தார். பாவைக்கு யாரும் கிடைக்கவில்லை.

பிறகு ரேடியோ வந்தது. இந்தோனேசிய அரசு ரேடியோ விடிய விடிய வயாங் ஒலிபரப்பியது. 1970களில் காசெட் வந்தது. நார்த்தோசப்தோ (1925-1985) என்ற தாலாங்கின் காசெட்டுகள் வீடு வீடாக ஒலித்தன. டெலிவிஷன் வந்தது. மாந்தேப் என்ற பிரபல தாலாங் தலைவலி மாத்திரை விளம்பரத்தில் வந்து, சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த முகமானார். 2004ல் அவர் 24 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து ஆடிச் சாதனை செய்தார். யூடியூப் வந்தது. சேனோ நுக்ரோகோ என்பவர் ஊர் ஊராக ஆடியதை எல்லாம் நேரலையாகக் காட்டினார். பாகோங் கோமாளியின் குறும்புக்காகவே இளைஞர்கள் கூடினார்கள். 2020ல் 48 வயதில் அவர் இறந்தபோது ஜாவாவே கண்ணீர் விட்டது.

எல்லாம் அங்கே தேன் என்று எண்ண வேண்டாம். பெயர் பெற்ற சிலருக்குப் பெரும் பணம். பெயர் இல்லாத தாலாங்குகள் வேறு வேலைக்கும் போகிறார்கள். நடுநிசித் தமாஷில் டங்டுட் பாடகிகளையும் சினிமாச் சிரிப்பு நடிகர்களையும் மேடை ஏற்றுகிறார்கள். 'இது கூத்தா, கச்சேரியா?' என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பு நியாயம்தான். ஆனாலும் பாடகி பாடி முடித்ததும் திரையில் மறுபடி வருகிறவன் பீமன்!

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி வயாங்கை மனித குலத்தின் அரிய சொத்து என்று அறிவித்தது. அந்தத் தேதியையே தேசிய வயாங் நாளாகக் கொண்டாட 2018ல் இந்தோனேசிய அரசு உத்தரவு போட்டது.

மதுரை என்ன செய்யலாம்?

நமக்கு யுனெஸ்கோ வரவேண்டியதில்லை. சர்க்கார் விருது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விருது ஒரு நாள் அடுப்பை எரிக்கும். ஆண்டுக்கு இருபது ஊர் அழைத்தால் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியும்.

ஊர்த் திருவிழா மூன்று நாள் நடக்கிறது. ஒரு நாள் ஆடல் பாடல். ஒரு நாள் நாடகம். ஒரு நாள் பெரிய திரை கட்டிச் சினிமா. அந்தச் சினிமாத் திரையை ஒரே ஒரு இரவு பாவைக்கு விடக் கூடாதா? பாவைக் கூத்துக்குப் பெரிய மேடை வேண்டாம். ஐம்பது வாத்தியக்காரர்கள் வேண்டாம். ஒரு குடும்பம் வந்தால் போதும். ஆகும் செலவு ஒரு நாள் பட்டாசுச் செலவுக்குக் கூட வராது.

'யார் பார்ப்பார்கள்?' என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் வைத்துப் பாருங்கள். உளுவத்தலையன் தலையை ஆட்டியதும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். செல்போனில் ஆயிரம் படம் பார்த்த குழந்தைதான். ஆனால் செல்போன் அதன் ஊரைப் பற்றி, அதன் வாத்தியாரைப் பற்றிக் கேலி பேசாது. பாவை பேசும்.

மதுரைப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் நாட்டுப்புறக் கலை பற்றிக் கருத்தரங்கு நடத்துகின்றன. கட்டுரை வாசிப்பதோடு நிறுத்தாமல், பாவைக் கலைஞர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக அமர்த்தலாம். தோல் பதப்படுத்துவது, சாயம் பூசுவது, குரல் மாற்றிப் பேசுவது எல்லாம் கற்றுத் தரட்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து படிக்கட்டும். பெண் பிள்ளைகளும் படிக்கட்டும். ராவ் குடும்பத்துப் பிள்ளைகள் டாக்டராகவோ என்ஜினீயராகவோ விரும்பினால் அதற்கும் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. 'உன் பாட்டன் தொழிலை நீதான் சுமக்க வேண்டும்' என்று ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் கலையைக் கட்டி வைப்பது நியாயம் அல்ல. ஜாவாக்காரர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே அந்தச் சுமையைப் பொதுவாக்கிவிட்டார்கள்.

கதைகளும் புதிதாக வரட்டும். ஜாவாவில் பழைய கதையை அடிமரம் என்றும், புதிதாகக் கட்டும் கதைகளைக் கிளை என்றும் சொல்வார்கள். ஆபுத்திரன் கதையையே பாவையாக ஆடலாமே! கையில் பாத்திரத்தோடு மதுரைத் தெருவில் நடக்கும் ஒரு பையன், மழை இல்லாத சாவகம், நடுக்கடலில் அவனை விட்டுப் போகும் கப்பல். பாவைக்கென்றே பிறந்த கதை.

ஊர்க் கூட்டங்களில் நாடகத்துக்கு அச்சாரம் கொடுக்கும் நாள் தை, மாசியிலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கே பாவைக் குழுவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி கேட்டுவிடலாம். திரைத் துணியும் பாவைப் பெட்டியும் ஆர்மோனியமும் அவர்களே கொண்டு வருவார்கள். ஊர் தர வேண்டியது ஒரு சின்னப் பந்தல், ஒரு விளக்குக்கு மின்சாரம், இரவுச் சாப்பாடு, பேசிய தொகை. கூத்து தொடங்கு முன் தெரு விளக்கை மட்டும் அணைத்துவிட வேண்டும்.